வாரச் சாப்பாட்டுத் திட்டம்: லிஸ்ட் எழுதும் முன் அலமாரியைத் திறங்கள்

சாப்பாட்டுச் செலவைக் குறைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் ஏழு நாளைக்கு என்ன சமைக்கலாம் என்று யோசித்து எழுதிவிட்டு, அதற்கு வேண்டியதை வாங்கக் கிளம்பிவிடுவார்கள். வீட்டில் ஏற்கெனவே இருக்கிற அரை டப்பா கொண்டைக்கடலையும், ஃப்ரிட்ஜின் அடியில் வாடிக்கொண்டிருக்கும் கேரட்டும் அந்த லிஸ்ட்டில் ஏறாது. வாரக் கடைசியில் பழையதில் கொஞ்சம், புதியதில் கொஞ்சம் என்று குப்பைக்குப் போகும். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் வீடுகளில் மட்டும் குப்பைக்குப் போன உணவு சராசரியாக ஆளுக்கு 79 கிலோ. தோல், எலும்பு போன்றவையும் இதில் சேர்த்திதான். அப்படியும் நாலு பேர் குடும்பத்துக்குக் கணக்குப் போட்டால் 316 கிலோ வருகிறது.

அதனால் இங்கே வரிசையை மாற்றுகிறோம்: முதலில் இருப்பு, பிறகு திட்டம், கடைசியில்தான் கடை.

படி 1: இருப்பெடுப்பு

விடுமுறை நாளில் இரண்டு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். சமையலறை முழுவதையும் ஒரே மூச்சில் கலைத்துப் போடாதீர்கள். பாதியில் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டால், எடுத்ததையெல்லாம் கிடைத்த இடத்தில் திணித்து மூடிவிடுவோம். ஒரு தட்டைக் காலி செய்து, துடைத்து, திரும்ப அடுக்கிவிட்டு அடுத்த தட்டுக்குப் போங்கள்.

எடுக்கும் ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் அளவோடு எழுத வேண்டும். "பருப்பு இருக்கு" என்பது கணக்கல்ல. "பருப்பு 600 கிராம்" என்பதுதான் கணக்கு. தராசு இல்லாவிட்டால் கப்பால் அளக்கலாம்: 240 மில்லி கப் ஒன்றில் அரிசியோ பருப்போ ஏறக்குறைய 200 கிராமும், மாவு 120 முதல் 130 கிராமும் பிடிக்கும்.

அளக்கும்போதே இரண்டு விஷயங்கள் கண்ணில் படும். ஒன்று, ஒரே பொருள் மூன்று பாக்கெட், மூன்றும் பிரித்தபடி. பொருள் கண்ணில் படாத இடத்தில் இருந்தால் இல்லை என்று நினைத்து மறுபடி வாங்கிவிடுவோம். இன்னொன்று, மூன்று மாதமாக யாரும் தொடாத பொருள். அதை இந்த வாரமே சமையலில் சேர்க்க முடியுமா என்று பாருங்கள். தேதி தாண்டியிருந்தால் உடனே வீச வேண்டியதில்லை. "இந்தத் தேதிக்கு முன் சிறந்தது" என்று அச்சிட்டிருந்தால் அது சுவை, மணம் பற்றிய தேதி. உலர்ந்த பருப்பு அந்தத் தேதியோடு கெட்டுவிடாது, வேக மட்டும் நேரமாகும். "இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்" என்பது பாதுகாப்பு பற்றியது. இறைச்சி, பால் வகைகளில் அதைத் தாண்டக் கூடாது.

படி 2: திரும்ப அடுக்குதல்

முதலில் ஓர் எச்சரிக்கை: அழகான டப்பா செட் வாங்கிவிட்டுத் தொடங்காதீர்கள். சிக்கனம் செய்யப் போய் முதல் நாளே செலவு வைப்பது அதுதான். உள்ளே இருப்பது தெரிகிற, இறுக்கமாக மூடுகிற எந்தப் பழைய பாட்டிலும் போதும்.

பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தவறு, டப்பாவில் மீதமிருக்கும் பழைய அரிசியின் மேலேயே புதியதைக் கொட்டுவது. மேலிருந்து எடுத்துக்கொண்டே இருப்போம், அடியில் இருப்பது அடியிலேயே கிடக்கும். வண்டு அங்கிருந்துதான் கிளம்பும். பழையதைத் தனிப் பாத்திரத்தில் கொட்டி, டப்பாவைக் கழுவி, ஈரம் துளியும் இல்லாமல் காயவைத்து, புதியதைப் போட்டு, அதன் மேல் பழையதைப் போடுங்கள். ஒட்டுத்தாளில் பொருளின் பெயரும் நிரப்பிய தேதியும் எழுதி ஒட்டுங்கள்.

டப்பா இறுக்கமாக இருந்தும் வண்டு வருகிறதே என்றால், அது பெரும்பாலும் கடையிலிருந்தே வந்திருக்கும். அரிசி வண்டு தானியத்துக்குள் துளையிட்டு முட்டை வைக்கிறது, வெளியே தெரியாது. ஃப்ரீசரில் இடமிருந்தால், புதிதாக வாங்கியதைப் பையோடு மைனஸ் 18 டிகிரியில் நான்கு நாள் வைத்தால் முட்டையும் புழுவும் செத்துவிடும். எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். குளிர்ந்த தானியத்தில் காற்றின் ஈரம் படிந்து பூஞ்சை பிடிக்கும். சாதாரணச் சூட்டுக்கு வந்த பிறகு பிரித்து டப்பாவில் போடுங்கள்.

எண்ணெயும் மசாலாப் பொடிகளும் அடுப்புக்கு மேல் வேண்டாம். கைக்கு எட்டுகிற இடம்தான், ஆனால் சூடும் ஆவியும் எண்ணெயைச் சிக்கடிக்க வைக்கும், பொடியைக் கட்டி கட்டச் செய்யும். உருளைக்கிழங்கு இருட்டில், காற்றோட்டமாக இருக்கட்டும். வெளிச்சம் பட்டுப் பச்சை நிறமானால் கசப்பான நச்சும் கூடுகிறது, அதைச் சாப்பிடக் கூடாது. வெங்காயத்தை அதே கூடையில் போட்டால் உருளையின் ஈரத்தில் வெங்காயம் அழுகும்.

சோப்பு, பேட்டரி, பல்பு, குப்பைப் பைகளுக்கும் இதே விதிதான்: ஒரு வகைக்கு வீட்டில் ஒரே ஓர் இடம்.

படி 3: ஃப்ரிட்ஜ்

உள்ளே 4 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகக் கூடாது. ஒரு சின்ன தெர்மாமீட்டரைத் தண்ணீர் நிரம்பிய டம்ளரில் போட்டு நடுத்தட்டில் ஓர் இரவு வைத்துப் பாருங்கள். கதவுத் தட்டு, திறக்கும்போதெல்லாம் சூடாகும் இடம். பாலும் முட்டையும் உள்ளே போகட்டும், ஊறுகாய், சாஸ் வகைகள் கதவுக்கு வரட்டும். பச்சை இறைச்சியும் மீனும் மூடிய பாத்திரத்தில் எப்போதும் கீழ்த்தட்டில். மேலே வைத்தால் சொட்டுகிற நீர் மற்றதில் விழும்.

கீரையைக் கழுவி ஈரத்தோடு வைத்தால் இரண்டு நாளில் கூழாகிவிடும். கழுவாமல், காய்ந்த துணியிலோ தாளிலோ சுற்றி வையுங்கள். ஆப்பிளும் பழுத்த வாழையும் எத்திலீன் என்ற வாயுவை வெளிவிடும், பக்கத்தில் இருக்கும் கீரையும் வெள்ளரியும் சீக்கிரம் மஞ்சளாகும். தள்ளி வையுங்கள்.

கண் உயரத்தில் இருக்கும் தட்டில் ஒரு சிறு டிரே வைத்து, "முதலில் தீர்க்க வேண்டியவை" என்று எழுதிவிடுங்கள். பாதி வெங்காயம், மீந்த குழம்பு, நாளைக்குள் முடிய வேண்டிய தயிர் எல்லாம் அங்கேதான். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்ய நேரமிருந்தால் இந்த டிரேயை வையுங்கள்.

படி 4: பட்ஜெட்

கடந்த நான்கு வாரப் பில்களைக் கூட்டி நான்கால் வகுங்கள். இது உங்கள் உண்மையான வாரச் செலவு, வெளியே வாங்கிச் சாப்பிட்டதையும் சேர்த்துத்தான். முதல் மாதம் அதில் 10 சதவீதம் மட்டும் குறைக்கப் பாருங்கள். ஒரேயடியாகப் பாதியாக்குபவர்கள் மூன்றாம் வாரம் அலுத்துப்போய் வெளிச் சாப்பாட்டில் விட்டதையெல்லாம் செலவழித்துவிடுவார்கள். மொத்தத்தை மூன்றாகப் பிரியுங்கள்: மாதத்துக்கு ஒருமுறை வாங்கும் மளிகை, வாரா வாரம் வாங்கும் காய், பால், முட்டை வகை, பிறகு திடீர்த் தேவைக்கு ஒரு சிறு தொகை.

படி 5: வாரத்தை எழுதுதல்

ஏழு இரவுச் சாப்பாட்டில் ஐந்தை மட்டும் திட்டமிடுங்கள். ஒன்று மீந்ததற்கு, இன்னொன்று எதிர்பாராததற்கு. ஏழையும் நிரப்பிவிட்டால் ஒருநாள் விருந்தாளி வந்தாலும் அந்த நாள் காய் அடுத்த நாளுக்குத் தள்ளி, அது அதற்கடுத்ததைத் தள்ளி, கடைசியில் ஏதோ ஒன்று அழுகும்.

எந்த நாளுக்கு எது என்பதை ஆசை தீர்மானிக்க வேண்டாம், காயின் ஆயுள் தீர்மானிக்கட்டும். சனிக்கிழமை வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மீன், கோழி, கீரை, காளான் எல்லாம் சனி, ஞாயிறு, மிஞ்சினால் கீரை மட்டும் திங்கள். பீன்ஸ், தக்காளி, காலிஃப்ளவர் செவ்வாய், புதன். முட்டைகோஸ், கேரட், பூசணி, உருளை வியாழன், வெள்ளி. அடுத்த கடைநாளுக்கு முந்தின வேளை முட்டையும் பருப்பும். முட்டைகோஸைத் திங்களன்று சமைத்துவிட்டு கீரையை வெள்ளிக்கு வைப்பது எவ்வளவு சாதாரணமாக நடக்கிறது என்பதை உங்கள் குப்பைத்தொட்டியே சொல்லும்.

அடுத்து, ஒருமுறை வேகவைத்து இருமுறை சாப்பிடும் வழி. சனி இரவு 300 கிராம் கொண்டைக்கடலை ஊறவையுங்கள். ஞாயிறன்று வெந்தபின் ஏறக்குறைய 700 கிராம் இருக்கும். பாதி அன்றைக்குக் குழம்பாகட்டும். மீதியை நீர் வடித்து, ஆறவைத்து, பையில் தட்டையாகப் பரப்பி ஃப்ரீசரில் வையுங்கள். வியாழனன்று கேரட்டோடு வேறொரு பதார்த்தமாகும். தட்டையாக வைப்பதற்குக் காரணம் உண்டு: உருண்டையாக உறைந்த பை இளக ஒரு நாள் எடுக்கும், இரண்டு விரல் கனமுள்ளது சில மணி நேரத்தில் இளகும்.

சிவப்புக் காராமணியைப் போலத் தெரிகிற ராஜ்மா வாங்கினால் கவனம். அதில் வயிற்றைக் கலக்குகிற லெக்டின் நச்சு உண்டு. குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் பத்து நிமிடமாவது நன்றாகக் கொதிக்க வேண்டும். மெல்லிய தீயில் மணிக்கணக்காக வைப்பது போதாது.

படி 6: அளவும் கடை லிஸ்ட்டும்

பெரியவர் ஒருவருக்கு ஒரு வேளைக்கு அரிசி 75 முதல் 90 கிராம், பருப்பு 40 முதல் 50 கிராம் என்று தொடங்கி, உங்கள் வீட்டுப் பசிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். நாலு பேருக்கு 80 கிராம் வீதம் தினம் ஒரு வேளை சோறென்றால் வாரத்துக்கு 2,240 கிராம். இருப்பு நோட்டில் 1,500 கிராம் இருந்தால் வாங்க வேண்டியது 740, அதாவது ஒரு கிலோ பாக்கெட் ஒன்று. ஐந்து கிலோ மூட்டை மலிவாகத் தெரியலாம். அது தீர எத்தனை வாரம் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பாக்கெட்டின் விலையைப் பார்க்காமல் 100 கிராமுக்கு என்ன விலை என்று பாருங்கள். அதற்கும் மேலே ஒரு கணக்கு: ஒரு கிலோ வாங்கி கால் கிலோ வீசினால், சாப்பிட்ட முக்கால் கிலோவுக்கு நீங்கள் கொடுத்தது மூன்றில் ஒரு பங்கு கூடுதல் விலை. தள்ளுபடி பல சமயம் அதைவிடச் சின்னதாகத்தான் இருக்கும்.

லிஸ்ட்டில் "பாலக் 2 கட்டு" என்று எழுதாமல் "கீரை ஏதாவது 2 கட்டு" என்று எழுதுங்கள். அன்றைக்கு எது புதிதாகவும் மலிவாகவும் கிடைக்கிறதோ அதை எடுக்கலாம். இந்தச் சின்ன மாற்றத்தால் திட்டமும் குலையாது.

படி 7: ஒரு மணி நேர முன்வேலை

கடையிலிருந்து வந்தபின் கேரட், முட்டைகோஸ், பீன்ஸ் நறுக்கி மூடி வைக்கலாம். உருளையை வேண்டாம், கறுத்துவிடும். தக்காளியும் வேண்டாம், நீர் விட்டுப்போகும்.

சமைத்ததை ஆறவைப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பெரிய பாத்திரத்தில் நிறையக் குழம்பை மூடி வைத்தால் மேலே ஆறியிருக்கும், நடுவில் மணிக்கணக்காக வெதுவெதுப்பாகவே இருக்கும். கிருமி பெருக அந்தச் சூடுதான் வாகு. நாலு விரல் ஆழத்துக்கு மிகாத பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் வையுங்கள். வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் ஒரு மணி நேரம்தான். சோற்றுக்கு எல்லா நாளும் அந்த ஒரு மணி நேரம்தான் கெடு. வெந்த சூட்டிலும் சாகாத பாக்டீரியா வித்துகள் அதில் இருக்கும், ஆறாமல் கிடந்தால் முளைத்து நச்சு விடும், திரும்பச் சுட வைத்தாலும் அந்த நச்சு போகாது. அகலத் தட்டில் பரப்பி ஆறவைத்து, மறுநாளுக்குள் ஒரே முறை ஆவி பறக்கச் சுட வைத்துச் சாப்பிட்டுவிடுங்கள். மற்ற மிச்சங்கள் ஃப்ரிட்ஜில் மூன்று, நான்கு நாள் தாங்கும். தேதி எழுதாத மிச்சத்துக்கு வயது எப்போதும் "நேற்றுதான்" என்பார்கள், ஆகவே எழுதி ஒட்டுங்கள்.

முதல் மாதம் எங்கே இடறும்

ஒரே வாரத்தில் ஐந்து புதுப் பதார்த்தங்கள் எழுதிவிடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்பூன் வேண்டிய மசாலாவுக்கு ஒரு பாக்கெட் வாங்க நேரும். வாரத்துக்குப் புதியது ஒன்று போதும், மற்றவை கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடியவையாக இருக்கட்டும்.

திட்டம் எழுதியவர் தலைக்குள்ளேயே இருந்தாலும் சிக்கல்தான். வியாழனுக்கென்று வைத்த முட்டையைப் புதன் மாலை யாரோ ஆம்லெட் போட்டுவிடுவார்கள், அவர்கள்மேல் தப்பில்லை. தாளை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். ஒதுக்கி வைத்ததன் மேல் நாளின் பெயரை எழுதுங்கள்.

அந்தத் தாளின் கீழேயே ஒரு கோடு போட்டு, வீசியதை எல்லாம் எழுதி வாருங்கள்: என்ன, எவ்வளவு, ஏன். "வெள்ளரி 1, பின்னால் மறைந்துவிட்டது" என்றால் இடத்தை மாற்ற வேண்டும். "சோறு 2 கப், மிஞ்சியது" என்றால் அடுத்த வாரம் ஓர் ஆளுக்கு 10 கிராம் அரிசி குறையுங்கள். "கீரை 1 கட்டு, சமைக்க நேரமில்லை" என்று இரண்டு வாரம் தொடர்ந்து வந்தால், மூன்றாம் வாரம் ஒரு கட்டு மட்டும் வாங்குங்கள்.