குடியை விட்டு வீட்டுக்கு வந்த பிறகு நாம் செய்யும் தவறுகள்

குடிமீட்பு மையத்திலிருந்து டிஸ்சார்ஜ் ஆகி வந்த அன்றைக்கு எங்கள் வீட்டில் கேசரி கிண்டினார்கள். அம்மா வாசலிலேயே நிறுத்தி உப்பு, மிளகாய் சுற்றிப் போட்டாள். தாய்மாமா தோளில் தட்டி, "ஏல மருமவனே, இனி சோலி முடிஞ்சிட்டுல்லா. பைய வேலையப் பாரு" என்றார். நானும் அப்படித்தான் நம்பினேன். பத்தொன்பதாவது நாள் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் பஸ்ஸுக்கு நின்றவன் குடித்தேன். வீட்டில் சண்டை கிடையாது, மனக்கவலை கிடையாது. சம்பளம் வந்திருந்தது, வெயில் அடித்தது, பஸ்ஸைக் காணவில்லை. அவ்வளவுதான்.

இரண்டாவது தடவை மையத்துக்குப் போய் வந்து இப்போது ஒன்பதாவது வருடம் ஓடுகிறது. குடியை விட்டவர்களுக்காக இரவுகளில் போன் வழியாக நடக்கும் தமிழ்க் கூட்டம் ஒன்றில் உட்காருகிறேன். புதிதாக வருகிறவர்கள் சொல்லச் சொல்ல, எல்லாரும் ஒரே குழியில்தான் விழுகிறோம் என்று தெரிகிறது. அந்தக் குழிகளைப் பற்றித்தான் இது.

சிகிச்சை முடிந்தது என்று நினைப்பது

மையத்தில் இருக்கும் சில வாரங்களில் நடப்பது பெரும்பாலும் உடம்பைத் தேற்றும் வேலை. குடியை நிறுத்திய முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்காவது நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாத பூச்சி சுவரில் ஊர்வது போலத் தெரியும். அதைத் தாண்ட மருந்து, தயமின் (பி1 வைட்டமின்) ஊசி, நேரத்துக்குச் சோறு. மூளை பழைய நிலைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். வீட்டுக்கு வந்த பிறகும் தூக்கம் பிடிக்காமல், சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுவது அதனால்தான். பெண்டாட்டி பிள்ளைகள் 'குடிச்சிருந்தப்பவே தேவல' என்று நினைக்கிற காலம் அது.

சர்க்கரை நோய்க்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் மாத்திரையை நிறுத்துவதில்லை. நாம் மட்டும் நிறுத்திவிடுகிறோம். சிகிச்சைக்குப் பிறகு நூற்றுக்கு 40 முதல் 60 பேர் வரை மறுபடி போதைக்குத் திரும்புகிறார்கள் என்பது மருத்துவ உலகில் அடிக்கடி சொல்லப்படும் கணக்கு. ரத்த அழுத்தம், ஆஸ்துமா நோய்கள் திரும்பி வருவதும் கிட்டத்தட்ட அதே அளவில்தான். அதனால் அடுத்த ஓ.பி. தேதியை வாங்காமல் மையத்தைவிட்டுக் கிளம்பாதீர்கள். இன்னொன்றும் சொல்லலாம். மத்திய அரசு 2019-இல் வெளியிட்ட தேசியக் கணக்கெடுப்பின்படி, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சையாவது பெறுகிறார். மையத்துக்குப் போய் வந்தவர் அந்த ஒருவர்.

"ஐயப்பனுக்கு மாலை போட்டு 41 நாள் தொடாம இருந்தவன் அண்ணாச்சி நான், எனக்கு இது பெரிசில்ல" என்பார்கள். நானும் நாலு வருடம் மலைக்குப் போனவன்தான். மாலையைக் கழற்றின அன்றைக்குச் செங்கோட்டை தாண்டுவதற்குள் என்ன நடந்தது என்று வண்டியில் வந்தவர்களுக்குத் தெரியும். விரதத்துக்கு ஒரு கடைசி நாள் உண்டு. மனசு அந்த நாளை எண்ணிக்கொண்டே இருக்கும்.

வாட்ஸப் குழுவில் சேர்ந்ததோடு விட்டுவிடுவது

1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில் இரண்டு குடிகாரர்கள் ஒருவரோடொருவர் பேசிப் பேசியே குடிக்காமல் இருந்ததில் தொடங்கியது, குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். இந்தியாவுக்கு 1957-இல் வந்தது. கட்டணம் கிடையாது. குடியை விடவேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும், வேறு தகுதி கேட்பதில்லை. 2020-இல், மருத்துவ ஆய்வுகளை அலசிப் பார்க்கும் கோக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. இந்தக் கூட்டங்களுக்கு முறையாக அனுப்பிவைக்கப்பட்டவர்கள் விடாமல் குடிக்காமல் இருப்பதில் மற்ற சிகிச்சை பெற்றவர்களுக்குக் குறைந்துபோகவில்லை, பல இடத்தில் மேலாகவே இருந்தார்கள் என்று கண்டது.

அதே 2020-இல் ஊரடங்கு வந்து கூட்டங்கள் போனுக்குள் புகுந்தன. திசையன்விளையிலோ காரையாறு பக்கமோ இருப்பவர் முன்பெல்லாம் கூட்டத்துக்கு வந்தால் கடைசி பஸ்ஸை விட்டுவிடுவார். இப்போது துபாயில் இருப்பவரும் கடையத்தில் இருப்பவரும் ஒரே நேரத்தில் உட்காருகிறார்கள். ஆனால் பலர் செய்வது என்ன? குழுவில் சேருகிறார்கள். காலை வணக்கப் படங்களைப் பார்க்கிறார்கள். ஆறு மாதம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. இருநூறு பேர் இருக்கிற குழு நெருக்கடியில் உதவாது. இரவு ஒன்பதரைக்குக் கூப்பிட்டால் எடுக்கக்கூடிய மூன்று நம்பர் வேண்டும். சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்த மூன்று பேரையும், ஒன்றும் ஆகாதபோதே, சும்மா கூப்பிட்டுப் பேசிப் பழகிக்கொள்ளுங்கள். நல்ல நாளில் பேசிப் பழகாத நம்பரைக் கெட்ட நேரத்தில் விரல் அழுத்தாது.

நேரமும் முக்கியம். டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடும். ஒன்பதேகால் ஆனதும் உள்ளே ஒரு குரல், 'கடைய அடைச்சிருவானே' என்று பரபரக்கும். குடித்தவர்களுக்கு அந்தக் குரலை விளக்க வேண்டாம். அந்த வேட்கை அலை மாதிரி. ஏறும், பெரும்பாலும் கால்மணியிலிருந்து அரைமணிக்குள் இறங்கும். ஆகவே உங்கள் கூட்டத்தை எட்டே முக்காலுக்கோ ஒன்பதுக்கோ வைத்துக்கொள்ளுங்கள். காலை ஆறு மணிக்குக் கூட்டம் கேட்டுவிட்டு இரவு சும்மா இருப்பதைவிட அது நல்லது என்பது என் அனுபவம். சனிக்கிழமை சம்பளம் வாங்குகிறவர்கள் சனிக்கிழமைக் கூட்டத்தை விடவே கூடாது.

ஒற்றை அறை வீட்டில் எங்கே உட்கார்ந்து பேசுவது என்று கேட்பார்கள். மொட்டை மாடி, வாய்க்கால் கரை, நிறுத்தி வைத்த லோடு ஆட்டோ. காதில் ஹெட்செட். வீடியோவை அணைத்துவைக்கலாம், ஊர்ப் பெயர் சொல்லவேண்டியதில்லை. அங்கே கேட்டதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வீட்டில் காட்டுவது பெரிய துரோகம். ஒருவர் செய்தால் பத்துப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள். குழுவில் கடன் கேட்பது, மூலிகைப் பொடி விற்பது, 'எனக்கு இந்த மாத்திரை கேட்டுச்சு, நீங்களும் போடுங்க' என்பது இதெல்லாம் வந்தால் அந்தக் குழுவைவிட்டு நகருங்கள். 'நூறாவது நாள்' என்று ஸ்டேட்டஸ் போடுவதும் எனக்குப் பிடிக்காது. நூற்றியொன்றாம் நாள் சறுக்கினால் ஊருக்குப் பயந்தே மறைக்கவேண்டி வரும்.

இத்தனையும் சொன்னாலும் போன் மட்டும் போதாது. ஸ்கிரீனில் வாடை வராது. நானே இந்த ஒன்பது வருடத்துக்குள் ஒருநாள் சறுக்கிக் குடித்துவிட்டு, கேமராவை ஆன் பண்ணி, நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு மணி நேரம் தத்துவம் பேசியிருக்கிறேன். ஒருவருக்கும் தெரியவில்லை. வாரத்துக்கு ஒருமுறையாவது கையைப் பிடித்துப் பார்க்கிற தூரத்தில் யாராவது வேண்டும்.

கொடைக்கு முன்யோசனை இல்லாமல் போவது

கல்யாண வீட்டைச் சமாளித்துவிடலாம். நம்ம நெல்லைப் பக்கத்துச் சவால் கோயில் கொடை, அதாவது ஊர்ச் சாமிக்கு எடுக்கிற திருவிழாதான். சித்திரையில் தொடங்கி ஆவணி வரை ஏதாவது ஒரு ஊரில் கொடை. சென்னையிலும் மும்பையிலும் இருக்கிற சொக்காரன் எல்லாம் வந்து இறங்குவான். சுடலைமாடன் படைப்பில் சுருட்டும் சாராயமும் இருக்கும். "ஏய், இது சாமிக்குப் படைச்சதுல. ஒரு மடக்குதான். வேண்டாம்னா மாடனுக்கு ஆவாது" என்று சித்தப்பா நீட்டும்போது, அது பிரசாதமா குவாட்டரா என்று வாதிட முடியாது.

முதல் வருடம் போகாமலே இருக்கலாம். கோயில் வரியை மட்டும் கொடுத்துவிடுங்கள், யாரும் குறை சொல்வதில்லை. போகத்தான் வேண்டும் என்றால் வில்லுப்பாட்டுக் கேட்டு, மதியக் கொடை பார்த்து, சாமக்கொடைக்கு முன்னால் கிளம்புங்கள். மச்சான் பைக்கில் தொற்றிக்கொண்டு போகாதீர்கள், அவன் கிளம்பும்போதுதான் நீங்கள் கிளம்ப முடியும். 'விட்டுட்டேன்' என்று சொன்னால் சீண்டிப் பார்ப்பார்கள். 'டாக்டர் மாத்திரை கொடுத்திருக்காரு, சேராது' என்றால் விட்டுவிடுவார்கள். பொய் சொல்கிறோமே என்று வருந்த வேண்டாம், பாதி நிஜம்தான்.

போன வருடம் எங்கள் குழுத் தம்பி ஒருவர் இரவு ஒரு மணிக்குக் கூப்பிட்டார். "அண்ணாச்சி, கோயிலுக்குப் பொறத்தால நிக்கேன்" என்றது மட்டும் கேட்டது. அப்புறம் முழுக்க மேளமும் உறுமியும். நான் என்ன சொன்னேன் என்று அவருக்கும் கேட்டிருக்காது. இருபது நிமிடம் இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. மேளம் நின்றபோது, "வீட்டுக்குப் போறேன்" என்றார்.

கேத வீடும் அப்படித்தான். மயானத்திலிருந்து திரும்பும் வழியில் நாலு பேர் ஒதுங்குவார்கள். நேரே குளிக்கப் போய்விடுங்கள்.

'இது குடியில் சேராது' என்பது

பீர் சேரும். தமிழ்நாட்டில் 1987 முதல் தடையில் இருக்கும் கள்ளும் சேரும், 'உணவுதானே' என்று யார் மேடையில் பேசினாலும் சரி. சுண்ணாம்பு போட்ட பதனீரைத் தாராளமாகக் குடியுங்கள். ஆயுர்வேத அரிஷ்டங்களில் புளிப்பேறும்போதே ஆல்கஹால் உண்டாகிவிடும். டாக்டரிடம் கேட்காமல் தொடவேண்டாம். தூக்கம் வரவில்லை என்று தெரிந்த மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கிப் போட்டு, ஒரு அடிமைத்தனத்துக்குப் பதில் இன்னொன்றைப் பிடித்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

வீட்டார் செய்யும் தவறு

மைனிமார், அக்காமார் படித்தால் இதைக் கவனியுங்கள். அவருக்குத் தெரியாமல் குழம்பில் குடி நிறுத்தும் மாத்திரை கலக்காதீர்கள். டைசல்ஃபிராம் என்ற மருந்து, உடம்பில் ஆல்கஹால் சிதையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சை வெளியேற விடாது. அதன்மேல் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரியும். இதயம் பலவீனமானவருக்கு உயிரே போகலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைக்கும் இந்த ஆபத்து உண்டு. தெரிந்து, சம்மதித்து, டாக்டர் கண்காணிப்பில் போட்டால் அது நல்ல மருந்து. தெரியாமல் கொடுத்தால் அது விஷம்.

சட்டைப்பையைத் துழாவுவது, வாயை ஊதச் சொல்வது, கூட்டத்தில் என்ன பேசினாய் என்று போனைப் பிடுங்குவது எதற்கும் பலன் இல்லை. குடும்பத்தாருக்கென்றே 1951-இல் தொடங்கிய அல்-அனான் என்ற அமைப்பு இருக்கிறது. ஆள் குடியை விட்டாலும் விடாவிட்டாலும் நீங்கள் அங்கே போகலாம்.

சறுக்கியதும் காணாமல் போவது

இதைத்தான் கடைசியாகவும் அழுத்தமாகவும் சொல்லவேண்டும். ஒரு கட்டிங் உள்ளே போனதும் நாம் முதலில் செய்வது, குழுவைவிட்டு வெளியேறுவது. 'எல்லாம் போச்சு, இனி என்ன' என்று அடுத்த நாள் முழு பாட்டில். பல மாதம் விட்டிருந்த உடம்புக்குப் பழைய அளவு தாங்காது என்பதும் அப்போது நினைவில் வராது.

அன்று இரவே ஒருவரிடம் சொல்லுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு 14416, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104-ம் உண்டு. ஆனால் நாலைந்து நாள் தொடர்ந்து குடித்துவிட்டீர்கள் என்றால் ரோஷத்தில் சட்டென்று வீட்டிலேயே நிறுத்தாதீர்கள். நான் முதலில் சொன்ன வலிப்பு அப்போதும் வரலாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரியோ பக்கத்து அரசு ஆஸ்பத்திரியோ, நேரே போய் உள்ளதைச் சொல்லுங்கள்.

கொடையன்று கூப்பிட்ட அந்தத் தம்பி ஐப்பசியில் சறுக்கினார். பதினோரு நாள் ஆளில்லை. பன்னிரண்டாம் நாள் ஒன்பது மணிக் கூட்டத்தில் அவர் பெயர் தெரிந்தது, கேமரா அணைந்திருந்தது. அவர் முறை வந்ததும், "இன்னைக்குக் கேக்க மட்டும் வந்தேன்" என்றார். சரி என்று அடுத்தவர் பேசினார்.