கரையில் நின்றே ஒரு சரக்குக் கப்பலின் ஜாதகத்தைப் பார்ப்பது எப்படி?

காசிமேட்டிலோ திருவொற்றியூரிலோ கடலோரம் நின்றால், தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்கள் தெரியும். அதில் கிரேன் வைத்த சின்ன பல்க் கேரியர் (நிலக்கரி, தானியம் போன்றவற்றை மூட்டை கட்டாமல் மொத்தமாகக் கொட்டிச் சுமக்கும் கப்பல்) ஒன்றைப் பிடித்து, எங்கிருந்து வந்தது, எவ்வளவு சுமக்கும் என்று பார்க்க ஒரு போன் போதும்.

கப்பல்கள் இருக்கும் இடத்தை வரைபடத்தில் காட்டும் மரைன்டிராஃபிக் அல்லது வெசல்ஃபைண்டரில் சென்னைக்கும் எண்ணூருக்கும் நடுவே வரைபடத்தை நகர்த்துங்கள். நிலக்கரிக் கப்பல் வேண்டுமென்றால் வடக்கே எண்ணூர்ப் பக்கம் பாருங்கள், உயர் நீதிமன்ற உத்தரவால் 2011இலேயே சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்றுபோனது.

கப்பலைத் தொட்டதும் பெயர் வரும். பெயரை நம்பித் தேடாதீர்கள், ஓனர் மாறினால் அதுவும் மாறும், ஒரே பெயரில் வேறு கப்பல்களும் இருக்கும். ஒவ்வொரு கப்பலுக்கும் தனியாக உள்ள ஏழு இலக்க ஐஎம்ஓ அடையாள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், உடைக்கப் போகும் வரை அது மாறாது. எண் சரியா என்று பார்க்கவும் வழி உண்டு: முதல் ஆறு இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டினால், விடையின் கடைசி இலக்கம்தான் ஏழாவது இலக்கம். 9074729ஐப் போட்டுப் பாருங்கள், 139 வரும். கப்பலின் ரேடியோவுக்கான ஒன்பது இலக்க எம்எம்எஸ்ஐ எண் வேறு, கொடி மாறினால் அது மாறிவிடும். 419 என்று தொடங்கினால் இந்தியக் கொடி.

அந்த ஐஎம்ஓ எண்ணை, கப்பல்களின் விவரங்களைத் திரட்டித் தரும் ஈக்வாசிஸ் தளத்தில் போடுங்கள். பதிவு செய்யவேண்டும், ஆனால் இலவசம். உரிமையாளர், கட்டிய வருடம், துறைமுகச் சோதனைகளில் பிடிபட்ட குறைகள் எல்லாம் கிடைக்கும், எனக்குப் பிடித்த பகுதியே அந்தக் குறைகள்தான். அங்கே ஜிடி (கிராஸ் டன்னேஜ்) என்று இருப்பது எடை இல்லை, கப்பலின் உள்ளளவிலிருந்து கணக்கிட்ட எண். சுமக்கும் திறன் டெட்வெயிட், அதிலும் எரிபொருள், தண்ணீர் எல்லாம் சேர்த்திதான். சுமார் 10,000 முதல் 40,000 டன் வரை உள்ளதை ஹேண்டிசைஸ் என்பார்கள்.

அப்புறம், கப்பல் இருக்கும் இடமும் வேகமும் ஜிபிஎஸ்ஸிலிருந்து தானாக வருபவை. போகுமிடமும் டிராஃப்ட்டும் (கப்பல் தண்ணீருக்குள் எவ்வளவு ஆழம் மூழ்கியிருக்கிறது என்பது) கப்பலில் ஒருவர் கையால் தட்டுபவை, பழசை மாற்றாமலே விட்டிருப்பார்கள். டிராஃப்ட் சந்தேகமாக இருந்தால் கடலைப் பாருங்கள்: கப்பல் உயர்ந்து நின்று, அடிப்பக்கத்துச் சிவப்புப் பெயிண்ட் பட்டையாகத் தெரிந்தால் அது காலி. சிவப்பு தண்ணீருக்குள் மறைந்திருந்தால் சரக்கு இருக்கிறது.

கிளம்பிய கப்பல் சில மணி நேரத்தில் வரைபடத்தில் உறைந்து நின்றால் பதற வேண்டாம். கப்பல் அனுப்பும் ரேடியோ சிக்னல் கரையிலுள்ள ரிசீவர்களுக்குச் சுமார் 40 கடல்மைல் வரைதான் எட்டும், அதற்கு அப்பால் சாட்டிலைட் தகவலுக்குப் பெரும்பாலும் காசு கேட்பார்கள். விசாகப்பட்டினம் பக்கம் போகிறதென்றால், அங்கே கரையை நெருங்கும்போது இலவசமாகவே திரும்பத் தெரியும்.