என் எழுத்துக்கு உயிர் திரும்பிய விதம்

இலங்கை மலையகத்தின் ஹட்டனில் இருந்தபடி ஆறு ஆண்டுகளாக எழுதிவந்த என் அனுபவக் குறிப்புகள், நாட்டு நடப்பைப் பற்றிய பொதுக் கருத்துகளாக மாறியதிலிருந்து, எனக்கே வாசிக்கப் பிடிக்காத அளவுக்கு உயிரிழந்து போயின. நாள்தோறும் எழுதிப் பார்த்தும் பலனில்லை.

பழைய கொப்பிகளைப் புரட்டியபோது ஒரு பக்கம் மட்டும் என்னை நிறுத்தியது. இந்திய வம்சாவளி மக்களைப் பற்றி இலங்கையும் இந்தியாவும் 1964ஆம் ஆண்டில் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட தன் தங்கையைப் பற்றி அப்பாய் (அப்பாவின் அம்மா) சொன்னதை அதில் எழுதியிருந்தேன். தலைமன்னாரில் கப்பலேறப் புறப்பட்ட அன்று, அந்தத் தங்கை லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு) வாசலில் தேயிலைக் கொழுந்துக்கூடையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாராம்.

அன்றிலிருந்து, கண்ணால் காணாததையும் நேரில் கேட்காததையும் எழுதுவதை விட்டுவிட்டேன். ஞாயிறு காலையில் ஒரு பக்கம் போதும் என்பது என் உறுதியான எண்ணம். இந்த வாரம், மாமா தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டும் விதத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன்.