மோலக்ஸ்-சாட்டா கேபிள் வாங்கும்போது முனையைத் திருப்பிப் பாருங்கள்

போன மாதம் தக்கலையில் இருக்கும் அக்கா மகன் போன் செய்து, "மாமா, சிபியுவுக்குள்ள இருந்து கரிஞ்ச வாடை வருது" என்றான். "மக்களே, முதல்ல பிளக்கைப் பிடுங்கு" என்று சொல்லிவிட்டு, போய்த் திறந்து பார்த்தால், ஹார்ட் டிஸ்க்கில் செருகியிருந்த மோலக்ஸ்-சாட்டா கேபிளின் (பழைய 4 பின் மோலக்ஸ் முனையிலிருந்து டிஸ்க்கின் சாட்டா முனைக்குக் கரண்ட் எடுக்கும் கேபிள்) சாட்டா முனை உருகி, மஞ்சள் வயரும் பக்கத்துக் கறுப்பு வயரும் ஒட்டிக் கிடக்கின்றன. நல்லவேளை, டிஸ்க் தப்பியது.

விஷயம் இதுதான். மலிவான கேபிள்களில் பெரும்பாலும் வயர்களை அச்சில் வைத்து அதன்மேல் பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றிவிடுவார்கள். அப்போது உள்ளே வயர் கொஞ்சம் விலகிவிட்டால் வெளியே தெரியாது, பல மாதம் ஒழுங்காக ஓடிவிட்டு ஒருநாள் மஞ்சள் 12 வோல்ட் வயர் கறுப்பு கிரவுண்ட் வயரோடு ஷார்ட் ஆகும். முனையின் பின்பக்கம் ஒரே கட்டியாக இருந்தால் அந்த வகைதான், வேண்டாம். பின்மூடி தனியாகக் கழன்று, ஒவ்வொரு வயரும் தனித்தனிப் பள்ளத்தில் உட்கார்ந்திருப்பது தெரிந்தால் வாங்கலாம். கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியிலேயே சாட்டா முனை மிச்சம் இருந்தால் இந்தக் கேபிளே எதற்கு?

அப்புறம், சாட்டாவிலிருந்து கிராபிக்ஸ் கார்டுக்கு 6 பின் பவர் முனை எடுக்கும் கேபிள் பக்கமே போகாதீர்கள். சாட்டா முனை 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட், கார்டு அந்த 6 பின்னில் 75 வாட் வரை இழுக்கும்.