தனுஷ்கோடி மணலில் நாம் செய்யும் தவறுகள்

இராமேசுவரம் வருகிறவர்களில் பெரும்பாலோர் 22 தீர்த்தமும் ஆடி, சாமி கும்பிட்டு, சாப்பிட்டு முடித்த பிறகுதான் தனுஷ்கோடிக்கு வண்டி ஏறுகிறார்கள். 1964 புயலில் இடிந்த தேவாலயத்தின் முன் ஒரு படம், நிலம் முடியும் அரிச்சல்முனையில் ஒரு படம். "வேறென்ன இருக்கிறது, வெறும் மணல்தானே" என்று திரும்பிவிடுகிறார்கள்.

தவறு அந்த உச்சிவெயில் நேரத்திலேயே தொடங்குகிறது. அடம்பங்கொடியின் ஊதாப் பூ காலையில் விரிந்து, வெயில் ஏற ஏற வாடிவிடும். மணலில் வளை தோண்டி வாழும் நண்டுகள் ஈரம் தேடி ஆழத்துக்கு இறங்கிவிடும். விடியற்காலையில் வாருங்கள். இரவெல்லாம் யார் யார் நடமாடினார்கள் என்பது மணலில் தடம் தடமாகப் பதிந்திருக்கும். காற்று எழுந்து அழிப்பதற்குள் அதைப் பார்த்துவிட வேண்டும்.

அடுத்தது, மணல்மேட்டில் ஏறிச் சறுக்குவதும் வண்டியை ஏற்றுவதும். அந்த மேடு தானாக நிற்கவில்லை. ஊசி போன்ற இலைகளுடன் படரும் இராவணன் மீசைப் புல்லும் அடம்பங்கொடியும் கணுவுக்குக் கணு வேர் விட்டு மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன. சக்கரம் ஒருமுறை ஏறினால் கொடி அறுந்து, பிடி தளர்ந்த மணல் காற்றில் பறக்கத் தொடங்கும். இராவணன் மீசையின் முள்பந்து போன்ற கதிர் முற்றியதும் உதிர்ந்து, காற்றில் உருண்டோடியபடியே விதையைச் சிந்தும். அழகாக இருக்கிறதென்று அதை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ஓடவிட்டுப் பாருங்கள், குழந்தைகளுக்கு அதைவிட நல்ல வேடிக்கை கிடையாது.

எனக்கு மிகவும் வலிப்பது பறவைகளின் காரியம்தான். ஆலாக்களும் உப்புக்கொத்திகளும் கூடு கட்டுவதில்லை. திறந்த மணலில் சிறு பள்ளம் பறித்து முட்டையிடுகின்றன. மணலின் நிறமும் புள்ளியும் கொண்ட முட்டை, காலடியில் இருந்தாலும் நம் கண்ணுக்குப் படாது. பகல் வெயிலில் தாய்ப்பறவை அமர்ந்திருப்பது பெரும்பாலும் நிழல் கொடுக்கத்தான். நாம் அருகே போய் அதை விரட்டிவிட்டால், கோடை வெயிலில் முட்டை அப்படியே வெந்துவிடும். ஒரு பறவை கத்திக்கொண்டே தலைக்கு மேல் வட்டமிட்டாலோ, இறக்கை ஒடிந்ததுபோல் முன்னால் தத்திச் சென்றாலோ, வந்த தடத்திலேயே பின்வாங்குங்கள். வளர்ப்பு நாயை அங்கே அழைத்துவரவே கூடாது.

பூநாரைகளையும் (ஃபிளமிங்கோ) அப்படித்தான் பாடுபடுத்துகிறோம். 2025 ஜூனில் தமிழக அரசு இந்தப் பகுதியைப் பெரும் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. அந்தப் பறவை தலையைக் கவிழ்த்து, அலகால் சேற்று நீரை வடிகட்டி, சின்னஞ்சிறு உயிர்களைச் சேர்த்துச் சேர்த்து வயிற்றை நிரப்புகிறது. சிறகு விரித்த படம் வேண்டுமென்று கைதட்டியும் டிரோன் விட்டும் கிளப்பினால், மேய்ந்து சேர்த்த பலமெல்லாம் ஓடி எழும்புவதிலேயே கரைந்துவிடும். சாலையோரத்திலேயே நின்று தொலைநோக்கியில் பாருங்கள். பேச்சைக் குறைத்தால் அவை தாமாகவே கிட்டே மேய்ந்து வரக்கூடும்.

இருபுறமும் கடல் இருக்க, இங்குள்ள மீனவர்கள் மணலில் சில அடி தோண்டி நல்ல தண்ணீர் எடுக்கிறார்கள். மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதப்பதால் கிடைக்கும் ஊற்று அது. அதில் கால் கழுவுவதும் அதன் அருகே அசுத்தம் செய்வதும் அவர்கள் குடிக்கும் குடத்தில் கை விடுவதற்குச் சமம். குடிநீரை வீட்டிலிருந்தே கொண்டுவாருங்கள், காலிப் பாட்டிலையும் திரும்ப எடுத்துச் செல்லுங்கள்.

பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்றும் மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். பெயரை நம்பிப் பெண் கடலில் இறங்க வேண்டாம், வாடைக்காற்றில் அதுவும் பொங்கும். முனையில் நீரோட்டம் இழுக்கும், அங்கே குளிக்கவே கூடாது.

பங்குனி ஆமை முட்டையிட்டுப் போன தடத்தைக் கண்டால் தோண்டிப் பார்க்காமல் வனத்துறையிடம் சொல்லுங்கள். முட்டைகளைப் பொரிப்பகத்தில் வைத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுவது அவர்கள் வேலை. பவளத் துண்டு செத்ததானாலும் எடுப்பது வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சங்கு பொறுக்கும் குழந்தையிடம் அதன் வாயைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே துறவி நண்டு சுருண்டிருக்கலாம். கீழே வைத்துவிட்டு அசையாமல் காத்திருந்தால், முதலில் ஒரு கால் வெளியே வரும், பிறகு கண்கள்.