காலிகோ: பூனை கள்ளிக்கோட்டையிலிருந்து போகவில்லை

வெள்ளை உடம்பில் கறுப்பும் ஆரஞ்சும் திட்டுத் திட்டாக இருக்கும் பூனையை இப்போது நம் ஊரிலும் 'காலிகோ' என்கிறார்கள். உடனே, அது கோழிக்கோட்டுப் பூனை என்று ஒரு கதையும் கிளம்பிவிடுகிறது. கப்பலேறிப் போனது பூனை இல்லை, துணி.

நாம் கள்ளிக்கோட்டை என்று சொன்ன கோழிக்கோடு ஐரோப்பியர் வாயில் காலிகட் ஆனது. அங்கிருந்து போன பருத்தித் துணி காலிகோ ஆனது. அதற்காகக் காலிகோ என்றாலே பூப்போட்ட துணி என்று எழுதிவிடக் கூடாது. இங்கிலாந்தில் இன்றும் அது வெளுக்காத, சாயமேற்றாத வெறும் துணிதான். நம் பதிப்பகங்களின் 'காலிகோ பைண்டிங்'கைத் தடவிப் பாருங்கள்: ஒரே நிறம், விரலில் நெருடும் இழை, அவ்வளவுதான்.

அப்புறம் திட்டுகள் எப்படி வந்தன? அச்சிட்ட இந்தியத் துணிக்கு இங்கிலாந்தில் அப்படியொரு மோகம். 1700இல் அதன் இறக்குமதியைத் தடுத்துச் சட்டம் போட்டார்கள். அப்படியும் மோகம் அடங்கவில்லை. 1719இல் லண்டன் நெசவாளர்கள் காலிகோ உடுத்திய பெண்களைத் தெருவிலேயே தாக்கினார்கள். 1721இல் உடுத்தவே தடை வந்தது, 1774இல்தான் நீங்கியது. அமெரிக்காவிலோ சின்னச் சின்னப் பூ அச்சிட்ட மலிவுத் துணிக்கே காலிகோ என்ற பெயர் நிலைத்தது. அந்தப் பலநிறச் சாயலை வைத்துத்தான் குதிரைக்கும் பூனைக்கும் அப்படிப் பெயர் வைத்தார்கள்.

'காலிகோ இனம்' என்று விற்பவரிடம் ஏமாறாதீர்கள். அது நிறம், இனமல்ல. வெள்ளையே இல்லாமல் கறுப்பும் ஆரஞ்சும் கலந்திருந்தால் அது ஆமையோட்டு நிறம். அதைக் காலிகோ என்பதும் பிசகு.

ஆரஞ்சைத் தீர்மானிக்கும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு, ஆணுக்கு ஒன்றுதான். பெண் கருவிலேயே ஒவ்வொரு செல்லிலும் இரண்டில் ஒன்று அணைந்துவிடும். எது அணைகிறது என்பதைப் பொறுத்து அந்த இடம் கறுப்போ ஆரஞ்சோ ஆகும். ஆகவே காலிகோ பெரும்பாலும் பெண்தான். ஆண் அபூர்வம்; அதுவும் பெரும்பாலும் மலடு. அதை இனவிருத்திக்கென்று கூடுதல் விலை கொடுத்து வாங்குவது வீண்.

நகலெடுத்தால் அதே திட்டுகள் வரும் என்பதும் தப்புக் கணக்கு. 2001இல் டெக்சாஸில் ஒரு காலிகோவை குளோனிங் செய்தார்கள். பிறந்த குட்டியிடம் ஆரஞ்சு மருந்துக்குக்கூட இல்லை.