சாத்தான் பேசும் பாட்டை வாலிபர் கூட்டத்தில் கேட்பது எப்படி

1991-இல் எனக்குப் பதினைந்து வயசு. நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு கன்வென்ஷன். மூன்றாம் நாள் ராத்திரி பிரசங்கியார் ராக் இசையைப் பற்றிப் பேசினார். வீட்டில் அந்த மாதிரி கேசட் இருந்தால் நாளைக்குக் கொண்டுவாருங்கள், கொளுத்திவிடலாம் என்றார். என்னிடம் கேசட் எதுவும் கிடையாது. மெட்ராஸில் படித்துக்கொண்டிருந்த அண்ணனுடைய பெட்டியைத் திறந்து மூன்றை எடுத்துக்கொண்டு போய் நெருப்பில் போட்டேன். பிளாஸ்டிக் குமிழ்விட்டு உருகியதும், உள்ளேயிருந்த நாடா சுருண்டு சுருண்டு கருகியதும், அந்த நாற்றமும் இன்றைக்கும் மறக்கவில்லை. கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்த அண்ணன் என்னைத் திட்டவில்லை. "நீ அத ஒரு தடவையாவது கேட்டியா?" என்று மட்டும் கேட்டான்.

2003 முதல் எங்கள் சபையில் வாலிபர் கூட்டம் நடத்துகிறேன். வருஷத்துக்கு ஒரு தடவை, லெந்து நாட்களில் (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில்) ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ராக் பாட்டையும் வேதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நன்மை தீமையைப் பற்றி யோசிக்கிறோம். வேறு சபைகளில் இதை நடத்த விரும்புகிறவர்கள் எப்படிச் செய்வது என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் கேள்வியை மாற்றிக்கொள்ளுங்கள். "இது கிறிஸ்தவப் பாட்டா?" என்று கேட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "இந்தப் பாட்டில் தீமை எங்கே நிற்கிறது?" என்று கேளுங்கள். தூரத்தில் யாரோ ஒருவனிடமா, பெரிய நாற்காலியில் இருக்கிறவர்களிடமா, பாடுகிறவனிடமா, கேட்கிற என்னிடமா? பாட்டில் சாத்தான் என்ற பேர் வருகிறதா இல்லையா என்பதை வைத்து நான் ஒரு பாட்டைச் சேர்ப்பதுமில்லை, தள்ளுவதுமில்லை. உதாரணத்துக்கு அயர்ன் மெய்டன் என்ற ராக் குழுவின் 'தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்' (1982). அதன் ஆரம்பத்தில் வாசிக்கப்படுவது வெளிப்படுத்தின விசேஷம் 12, 13-ஆம் அதிகாரங்களின் வசனங்கள்தான். அந்தப் பாட்டை ஆபத்தானது என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அதில் தீமை ஒரு கெட்ட கனவு, ஒரு வேடிக்கைக் காட்சி. கேட்டு முடித்தபின் என்னிடம் கேட்க அதற்கு ஒரு கேள்வியும் இல்லை. அதனால் விட்டுவிடுகிறேன்.

மூன்று பாட்டு போதும். அவற்றின் வரிசைதான் முக்கியம். அந்த வரிசையை நான் நாத்தான் தீர்க்கதரிசியிடம் கற்றேன். பத்சேபாளின் புருஷனைக் கொல்லவைத்து அவளைத் தனக்கு மனைவியாக்கிக்கொண்ட தாவீது ராஜாவிடம் 2 சாமுவேல் 12-இல் அவர் போனதும் அந்தப் பாவத்தைப் பற்றிப் பேசவில்லை. ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடுங்கிய ஐசுவரியவானின் கதையைச் சொன்னார். தாவீதுக்குக் கோபம் மூண்டது. அது மூண்ட பிறகுதான், "நீயே அந்த மனுஷன்" என்றார். முதல் பாட்டு அந்தக் கோபத்தை மூட்ட வேண்டும். இரண்டாவது பாட்டு விரலை நம் பக்கம் திருப்ப வேண்டும். மூன்றாவதில் திரும்பிய விரலோடு தனியாக உட்கார வேண்டும்.

ஆயத்த வேலைக்கு இரண்டு வாரம் வேண்டும். முதலில் போதகர் ஐயாவிடம் பாட்டு வரிகளையும் வேதபகுதிகளையும் கையில் கொடுத்துப் பேசிவிடுங்கள். ஒளித்துச் செய்தால் பிள்ளைகள்தான் மாட்டிக்கொள்வார்கள். பெற்றோர் யாராவது வந்து உட்கார விரும்பினால் வரட்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களை மட்டும் கூப்பிடுங்கள். போனின் ஸ்பீக்கர் உதவாது, பேஸ் கிட்டார் கேட்கவே கேட்காது. நல்ல ஸ்பீக்கர் ஒன்று இரவல் வாங்குங்கள். பாட்டு வரிகளை நீங்களே உட்கார்ந்து சாதாரணத் தமிழில் எழுதுங்கள். மெஷின் மொழிபெயர்ப்பு வேண்டாம். ஒவ்வொரு வரிக்கும் சொல் தேடும்போதுதான் அந்தப் பாட்டு உங்களிடம் பேச ஆரம்பிக்கும்.

அன்றைக்குச் செய்வது இதுதான். தாளைக் கொடுத்து மௌனமாக வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு தாளைக் கவிழ்த்துவைத்துவிட்டுப் பாட்டைக் கேட்கட்டும். முடிந்ததும் இரண்டு நிமிஷம் யாரும் பேசக் கூடாது. அதன்பின் ஒரு பிள்ளை வேதபகுதியை வாசிக்கட்டும், நடத்துகிறவர் வாசிக்க வேண்டாம். பிறகு கேள்வி, "தீமை எங்கே நிற்கிறது?" பதிலை நீங்கள் சொல்லாதீர்கள். எனக்கு இதுதான் மிகவும் கஷ்டம், ஏனென்றால் நான் பள்ளிக்கூட வாத்தியார்.

முதல் பாட்டு பிளாக் சப்பாத்தின் 'வார் பிக்ஸ்'. 1970-இல், வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தபோது, 'பேரனாய்ட்' ஆல்பத்தில் வந்தது. ஏறக்குறைய எட்டு நிமிஷம் ஓடும். பாட வந்த நால்வரும் இங்கிலாந்தில் பர்மிங்ஹாமின் ஆஸ்டன் பகுதிப் பையன்கள். எல்லாரும் 1948-லும் 49-லும் பிறந்தவர்கள், குண்டு விழுந்த ஊரில் வளர்ந்தவர்கள். வரிகளை எழுதிய கீஸர் பட்லர் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. கிட்டார் வாசித்த டோனி ஐயோமி பதினேழு வயதில் தகரப் பட்டறையில் வேலைசெய்தபோது வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். இடதுகைக்காரர் என்பதால் அவர் கம்பியை அழுத்த வேண்டிய கையே அதுதான். பிளாஸ்டிக்கை உருக்கித் தொப்பி மாதிரி செய்து விரலில் மாட்டிக்கொண்டு வாசித்தார். பின்னாளில் கம்பிகளைத் தளர்த்திச் சுருதியை இறக்கினார். பிசாசின் சத்தம் என்று எனக்குச் சொல்லப்பட்ட அந்தக் கனமான ஓசையில் ஒரு தொழிலாளிப் பையனின் காயம்பட்ட கை இருக்கிறது. இதைக் கட்டாயம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

பாட்டில் தளபதிகள் சூனியக்காரிகள்போலக் கூடுகிறார்கள். அரசியல்வாதிகள் போரைத் தொடங்கிவிட்டுத் தாங்கள் ஒளிந்துகொண்டு ஏழைகளை அனுப்புகிறார்கள். கடைசியில் நியாயத்தீர்ப்பு நாள் வருகிறது. அவர்கள் முழங்காலில் ஊர்ந்து இரக்கத்துக்குக் கெஞ்சுகிறார்கள், சாத்தான் சிரிக்கிறான். இதற்கு ஆமோஸ் 5:21 முதல் 24 வரை வாசியுங்கள். "உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று" என்ற வசனம் அங்கேதான் இருக்கிறது. எங்கள் சபையில் ஒரு பெரியவர், "இந்த இரைச்சல் எதுக்கும்மா சபைக்குள்ள?" என்று கேட்டபோது அந்த வசனத்தைத்தான் அவரோடு சேர்ந்து வாசித்தேன். கர்த்தர் இரைச்சல் என்று சொல்வது ஆராதனைப் பாட்டைத்தான். தாளம் சத்தமாக இருந்ததால் அவர் அப்படிச் சொல்லவில்லை, பாடுகிறவர்கள் ஏழையை மிதித்துக்கொண்டிருந்தார்கள். "நியாயம் தண்ணீரைப்போலவும், நீதி வற்றாத நதியைப்போலவும் புரண்டுவரக்கடவது" என்று வாசித்ததும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருஷம் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார்.

இந்தப் பாட்டுக்குப் பின் எல்லாருக்கும் கோபம் வரும். அரசியல்வாதி, முதலாளி, வல்லரசு என்று பேச்சு சூடாகும். பத்து நிமிஷம் பேச விடுங்கள். அந்தச் சூடு இருக்கும்போதே அடுத்த பாட்டுக்குப் போய்விடுங்கள்.

அது ரோலிங் ஸ்டோன்ஸின் 'சிம்பதி ஃபார் தி டெவில்'. 1968 ஜூனில் லண்டனில் பதிவானது. சாத்தானே தன் வாயால் பேசும் பாட்டு. கொம்பு கிடையாது, வால் கிடையாது. பணமும் ரசனையும் உள்ள கனவானாக, மிகுந்த மரியாதையோடு தன்னை அறிமுகம் செய்துகொள்கிறான். 2 கொரிந்தியர் 11:14-இல், "சாத்தானும் ஒளியின் தூதனுடைய வேஷத்தைத் தரித்துக்கொள்வானே" என்று வாசிக்கிறோமே, அந்த வேஷம்தான். இயேசுவைச் சாவுக்கு ஒப்புக்கொடுத்த பிலாத்து கைகழுவியபோது தான் அங்கே இருந்ததாகச் சொல்கிறான். ரஷ்யாவில் ஜார் மன்னர் கொல்லப்பட்டபோதும், இரண்டாம் உலகப் போரின் டாங்கியிலும் இருந்தானாம். என் பேரைக் கண்டுபிடி என்று திரும்பத் திரும்பக் கேட்கிறான். பாட்டு முடியப்போகும்போதுதான் பேரைச் சொல்கிறான். காலோ தானாகத் தாளம் போடும். ஆடுகிற கால்களைப் பிள்ளைகளே கவனிக்கட்டும். தீமை இவ்வளவு இனிமையாக வரும் என்று நூறு பிரசங்கம் சொல்வதைவிட அது நன்றாகப் புரியவைக்கும்.

பாட்டின் நடுவே அமெரிக்க அதிபர் கென்னடியின் கொலையைப் பற்றி ஒரு வரி வருகிறது. பதிவு நடந்துகொண்டிருந்த நாட்களில்தான் அவருடைய தம்பி ராபர்ட் கென்னடியும் சுடப்பட்டார், அதனால் அந்தப் பேரைப் பன்மையாக மாற்றிப் பாடினார்கள். யார் கொன்றது என்று உரக்கக் கேட்டுவிட்டு, கடைசியில் பார்த்தால் நீயும் நானும்தான் என்கிறான் சாத்தான். இதைத் தமிழில் எழுதும்போது நான் வெகுநேரம் தடுமாறினேன். 'நீயும் நானும்' என்பதை ஒரே சொல்லில் சுருக்கப் பார்த்தேன். ஆங்கிலத்தில் 'we' என்று ஒரே சொல்லாக இருப்பது நம் மொழியில் 'நாங்கள்' என்றும் 'நாம்' என்றும் இரண்டாகப் பிரிகிறது. 'நாங்கள்' என்று போட்டால் கேட்கிறவர் தப்பித்துவிடுவார். 'நாம்' என்று போட்டேன். தாளை வாசித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அந்த இடத்தில் நிமிர்ந்து பார்ப்பதை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன்.

இதற்கு மத்தேயு 26:20 முதல் 25 வரை. உங்களில் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான் என்று இயேசு சொன்னதும் பன்னிரண்டு பேரில் யாரும் யூதாஸைப் பார்த்து விரலை நீட்டவில்லை. "ஆண்டவரே, நானோ? நானோ?" என்று ஒவ்வொருவராய்க் கேட்டார்கள். வாசித்து முடித்ததும் ஒரு தடவை நர்ஸிங் படிக்கும் பெண் ஒருத்தி சொன்னாள்: "அக்கா, சாத்தான் 'நாம்'னு சொல்றதும் உண்மையில்ல. அவன் பழியப் பங்கு போடுறான்." ஆதியாகமம் 3-ஐத் திருப்பினோம். "தேவரீர் தந்த ஸ்திரீ" என்கிறான் ஆதாம். "சர்ப்பம் என்னை வஞ்சித்தது" என்கிறாள் ஏவாள். பழி கைமாறிக்கொண்டே போகிறது. சீஷர்களின் 'நானோ'வில் பங்காளி யாரும் இல்லை. இருபது வருஷத்துக்கு மேலாக இந்தப் பாட்டைக் கேட்கிறேன், அந்த வித்தியாசம் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. 1969 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் ஆல்டமாண்டில் நடந்த ரோலிங் ஸ்டோன்ஸின் கச்சேரியில் ஓர் இளைஞர் குத்திக் கொல்லப்பட்டார். இந்தப் பாட்டைப் பாடும்போதுதான் அந்தக் கொலை நடந்தது என்று கன்வென்ஷனில் எங்களுக்குச் சொன்னார்கள். இந்தப் பாட்டின்போது கைகலப்பு வந்து நிறுத்தினார்கள், மறுபடியும் தொடங்கினார்கள், அது உண்மை. கொலை நடந்தது பின்னால், வேறொரு பாட்டின்போது. சாத்தானுக்கு விரோதமாகப் பேசுவதற்காகக்கூடப் பொய்ச்சாட்சி சொல்ல நமக்கு அனுமதியில்லை. ஒரு கதையைச் சரிபார்க்க முடியவில்லையென்றால் அதைக் கூட்டத்தில் சொல்லாதீர்கள்.

மூன்றாவது 'ஹர்ட்'. நைன் இன்ச் நெய்ல்ஸின் 1994 பாட்டு இது. ஜானி கேஷ் தன் முதுமையில் பாடி 2002-இல் வெளியிட்டார். அதைத்தான் போடுகிறேன். போதை, தன் உடம்பையே காயப்படுத்திக்கொள்வது, சேர்த்ததெல்லாம் குப்பையாகத் தெரிவது, அவ்வளவும் இந்தச் சின்னப் பாட்டில் இருக்கிறது. அசலில் தலையிலிருக்கும் கிரீடத்துக்கு ஒரு கெட்ட வார்த்தை வரும். கேஷ் அதை முள்முடி என்று மாற்றினார். போதை மாத்திரையோடு வருஷக்கணக்கில் போராடிய விசுவாசி அவர், அடுத்த செப்டம்பரில் இறந்துபோனார். முடிவில் பியானோவில் ஒரே கட்டையை அடித்துக்கொண்டே போவார்கள், ஆணி அறைகிற மாதிரி. முள்முடி கிறிஸ்துவின் தலையில் இருக்க வேண்டியதா, பாவியின் தலையிலா என்று கேட்டுவிட்டு நான் ரோமர் 7:19-ஐ மட்டும் வாசிக்கச் சொல்வேன்: "ஆதலால் நான் விரும்புகிற நன்மையைச் செய்யாமல், விரும்பாத தீமையையே செய்கிறேன்." இதற்குக் கலந்துரையாடல் கிடையாது. பாட்டு எதைப் பற்றியது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெளியே போய் நிற்க நினைப்பவர்கள் எழுந்து போகட்டும். உங்கள் கூட்டத்தில் யாராவது அப்படிப்பட்ட இருட்டில் இருப்பது தெரிந்தால் அந்த வருஷம் இந்தப் பாட்டே வேண்டாம்.

முடிக்கும்போது சங்கீதம் 40. டப்ளினின் யூ2 குழுவினர் அதை '40' என்ற பேரிலேயே 1983-இல் 'வார்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டாகப் பாடினார்கள். "எதுவரைக்கும்" என்ற ஆறாம் சங்கீதத்தின் கேள்வியையும் சேர்த்துக்கொண்டார்கள். கச்சேரிகளில் இதைக் கடைசியாகப் பாடும்போது வாத்தியக்காரர்கள் ஒவ்வொருவராக மேடையைவிட்டு இறங்கிவிடுவார்கள், ஜனங்கள் மட்டும் அந்தக் கேள்வியைப் பாடிக்கொண்டிருப்பார்கள். நாங்களும் பாதியில் ஸ்பீக்கரை அணைத்துவிடுவோம். "உளையான சேற்றிலுமிருந்து என்னைத் தூக்கியெடுத்து" என்ற வசனத்தை எல்லாரும் சேர்ந்து சொல்லுவோம், வாத்தியம் எதுவும் இல்லாமல்.

சில கூட்டங்களில் பாவங்களைத் தாளில் எழுதி நெருப்பில் போடச் சொல்வார்கள். நான் அதைச் செய்வதில்லை. பாட்டுத் தாளின் பின்பக்கம் அவரவருக்குத் தோன்றியதை எழுதி வீட்டுக்குக் கொண்டுபோகட்டும், வேதப்புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளட்டும். மறுநாள் ஆராதனை முடிந்ததும், மூன்றாவது பாட்டின்போது தலையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தது யார் என்று நினைவுபடுத்தி அந்தப் பிள்ளையைத் தேடிப் போங்கள். பாட்டைப் பற்றிப் பேச வேண்டாம். சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்.